சந்தைவெளியின் சிறிய கோயில்

ஏதென்ஸின் பேராலயச் சதுக்கத்தில் இரண்டு கோயில்கள் அருகருகே நிற்கின்றன. பெரியது 1842-இல் அடிக்கல் நாட்டி 1862-இல் கட்டி முடித்த பேராலயம். இரட்டை மணிக்கோபுரமும் அகலமான முன்வெளியுமாக, ஒரு புதிய நாட்டின் தலைநகருக்கு இப்படி ஒன்று வேண்டும் என்று நினைத்துக் கட்டியது தெரிகிறது. அதன் தோளுக்குக் கீழே, நின்று பார்க்காவிட்டால் கண்ணில் படாத அளவில் இன்னொன்று. சிறிய பேராலயம் என்றே அதை அழைக்கிறார்கள். வந்தவர்கள் பெரும்பாலும் பெரியதைப் படமெடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நான் சிறியதைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

அதன் சுவர்களில் செங்கல்லைத் தேட வேண்டும். தரையிலிருந்து கூரை வரை பழைய பளிங்கு. எந்தெந்தக் கட்டடங்களிலிருந்தோ பெயர்த்து வந்த செதுக்குக் கற்கள் சுமார் 90, சுவரிலேயே பதித்து வைக்கப்பட்டிருக்கின்றன. மேற்கு வாசலுக்கு மேலே ஓடும் நீண்ட பட்டையில் பழைய அத்தேனியர்களின் பண்டிகைகள் மாத வரிசையில் வருகின்றன. அவற்றில் ஒன்று கப்பல். பனதீனயத் திருவிழாவில் அதீனா தேவிக்கு நெய்த ஆடையைப் பாய்மரமாகக் கட்டி, கப்பல் வடிவத் தேரில் வைத்து நகரின் நடுவீதி வழியே இழுத்துப் போவார்கள். அந்த உருவங்களுக்கு இடையில் பின்னால் வந்தவர்கள் சிலுவைகளைச் செதுக்கியிருக்கிறார்கள். பழையதை உடைத்து எறியவில்லை. தங்கள் கோயிலின் நெற்றியில், எல்லோரும் பார்க்கும் இடத்தில், அதைத் தூக்கி வைத்து அடையாளமும் இட்டிருக்கிறார்கள். கோயில் 12-ஆம் நூற்றாண்டு என்று நெடுநாள் சொல்லி வந்தார்கள். 15-ஆம் நூற்றாண்டு என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். எப்படியானாலும், பழங்கல்லின் அருமை தெரிந்த கை அதைக் கட்டியது.

பக்கத்துப் பெரிய கோயிலுக்கும் பழங்கல் வந்தது, வேறு வழியில். நகரில் இடிக்கப்பட்ட 72 சிறிய கோயில்களின் பளிங்கு அதன் சுவர்களுக்குள் போயிற்று. இந்த எண்ணிக்கையைக் கேட்டபிறகு அந்தப் பெரிய சுவர்களை முன்போல் பார்க்க முடியவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு தெரு மக்கள் ஞானஸ்நானம் பெற்றிருப்பார்கள். கல்யாணமும் சாவுச் சடங்கும் அங்கேதான் நடந்திருக்கும்.

அந்த இடிப்புக்குப் பின்னால் ஒரு பெரிய கனவு இருந்தது. ஒட்டோமான் ஆட்சியிலிருந்து விடுபட்ட கிரேக்கம் 1834-இல் ஏதென்ஸைத் தலைநகராக்கியது. அரசர் ஓட்டோ பவேரியாவிலிருந்து வந்த இளைஞர். அவருடைய கட்டடக் கலைஞர்களும் அங்கிருந்து வந்தவர்களே. விடுதலைப் போரில் நொறுங்கிப்போன ஒரு சிற்றூரைத்தான் அவர்கள் கண்டார்கள். ஆனால் அவர்கள் மனதில் இருந்தது பெரிக்ளீஸின் நகரம். அந்த நகரத்துக்கும் தங்களுக்கும் இடையில் கிடந்த நூற்றாண்டுகள் அவர்களுக்கு ஒரு தூசிப் படலம். லியோ ஃபொன் கிளென்சே என்ற பவேரியக் கட்டடக் கலைஞர் 1834-இல் அக்ரோபொலிஸ் மேல் நடந்த விழாவில், அநாகரிக காலத்தின் எச்சங்கள் அங்கிருந்து அகற்றப்படும் என்று அரசர் முன்னால் அறிவித்தார். சொன்னது நடந்தது. பார்த்தெனோனுக்குள் இருந்த மசூதி போயிற்று. நுழைவாயில் மண்டபத்தின் மேல் மேற்கு ஐரோப்பாவிலிருந்து வந்து இடைக்காலத்தில் ஆண்ட பிராங்கியப் பிரபுக்கள் எழுப்பியிருந்த கோபுரம் 1875 வரை தாக்குப்பிடித்தது. அதை இடிக்கும் செலவை ஏற்றவர் டிராய் நகரைத் தோண்டிய ஹைன்ரிஹ் ஷ்லீமன். பண்டைக் காலத்தின் மேல் அவருக்கு இருந்த காதலைப் பற்றிச் சந்தேகம் எழுப்ப யாராலும் முடியாது. அந்தக் காதலுக்கு இவ்வளவு கடினமான முகமும் இருந்தது.

எர்மூ தெருவுக்கு நடந்தால் கடைவீதியின் நட்டநடுவில் கப்னிகரேயா கோயில் குறுக்கே நிற்கிறது. 11-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். தெரு அதற்காக இரண்டாகப் பிரிந்து சுற்றிப் போகிறது. தெரு உயர்ந்துவிட்டதால் கோயில் பள்ளத்தில் இருப்பதுபோல் தெரிகிறது. புதிய நகரத் திட்டத்தின்படி நேர்த்தெரு போட இதையும் இடிப்பதாக இருந்தது. ஓட்டோவின் தந்தை, பவேரிய அரசர் லுட்விக் 1834-இல் தலையிட்டுக் காப்பாற்றினார். 1863-இல் மறுபடி ஆபத்து வந்தபோது ஏதென்ஸின் பேராயர் காப்பாற்றினார். துணிக்கடைப் பைகளைச் சுமந்த பெண்கள் உள்ளே வந்து ஒரு மெழுகுதிரி ஏற்றி, படத்தை முத்தமிட்டு, மறுபடி கூட்டத்தில் கலந்துவிடுகிறார்கள். ஒருமுறை ஓர் அரசரும் மறுமுறை ஒரு பேராயரும் குறுக்கே நின்றதால் கிடைத்த வாழ்வு இது. அப்படி யாரும் நிற்காத கோயில்கள்தான் அந்த எழுபத்திரண்டு.

பிளாக்காவின் படிக்கட்டுச் சந்துகள் வழியாக ஏறி, அக்ரோபொலிஸுக்கு மேற்கே இருக்கும் அரியோபாகஸ் பாறைக்குப் போனேன். நம் ஊர்க் கிறிஸ்தவர்களுக்கு இது மார்ஸ் மேடை. பழைய தமிழ் விவிலியம் அப்படித்தான் சொல்கிறது. கால்கள் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாகிவிட்ட சுண்ணாம்புப் பாறை. பவுல் ஏதென்ஸுக்கு வந்தபோது சந்தைவெளியில் நாள்தோறும் கண்டவர்களோடெல்லாம் வாதாடினார் என்றும், எபிக்கூரியர், ஸ்தோயிக்கர் என்ற தத்துவவாதிகள் அவரை இங்கே கூட்டிவந்து பேசச் சொன்னார்கள் என்றும் அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. பேச்சு பெரிய வெற்றி இல்லை. சிலர் கேலி செய்தார்கள், சிலர் பிறகு பார்க்கலாம் என்றார்கள். நம்பிய ஒருசிலரில் தியொனீசியு என்பவரின் பெயரை நூல் குறிக்கிறது.

பாறையின் வடக்கு விளிம்பில் நின்றால் அந்தச் சந்தைவெளி, அகோரா, கீழே முழுவதுமாகத் தெரிகிறது. மரங்கள், அடித்தளங்கள், உடைந்த தூண்கள், இடது கோடியில் ஹெஃபைஸ்தோஸ் கோயில், வலது பக்கம் நீண்ட புத்தம்புது ஓட்டுக்கூரையோடு அத்தாலோஸ் மண்டபம். அதற்கு இப்பால், சரிவின் அடியில், சிவந்த ஓடு போர்த்த ஒரு சிறிய குவிமாடம். அதுதான் திருத்தூதர் கோயில். சொலாகி என்ற அடைமொழியோடு ஊரார் அழைக்கும் கோயில். நான் ஏதென்ஸுக்கு வந்தது அதைப் பார்க்க.

சரிவில் இறங்கும் பாதை பழைய பனதீனயப் பெருவீதியையே ஒட்டிப் போகிறது. சிறிய பேராலயத்தின் வாசல்மேல் பார்த்த கப்பல் தேர் இழுபட்டு மேலேறிய வீதி இது. அதன் கிழக்குக் கரையில் கரடுமுரடான ஒரு மதில். 267-இல் வடக்கிலிருந்து வந்த ஹெருலியர்கள் நகரைச் சூறையாடிவிட்டுப் போனபின், மிஞ்சியவர்கள் இடிந்த கட்டடங்களின் கற்களை அள்ளி இந்த மதிலைக் கட்டிக்கொண்டார்கள். தூண் துண்டு, கல்வெட்டு, உத்தரக்கல் எல்லாம் அடுக்கப்பட்டிருக்கின்றன. மதில் சுற்றிய பரப்பு மிகவும் சிறியது. பழைய சந்தைவெளி மதிலுக்கு வெளியே விடப்பட்டுவிட்டது. சாக்ரடீஸ் பேசித் திரிந்த இடம் ஊருக்குப் புறம்பாயிற்று. பிறகும் சில கட்டடங்கள் எழுந்தன. 396-இல் கோத்தியர் தலைவர் அலாரிக் படையோடு வந்தார். 529-இல் யூஸ்தினியன் பேரரசர் தத்துவப் பள்ளிகளை மூடினார். ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் சிலாவியர் தாக்குதல். அதன்பிறகு இந்தப் பள்ளத்தில் மனித நடமாட்டம் அருகி, மலைச்சரிவிலிருந்து மழை இழுத்து வந்த வண்டல் அடித்தளங்களை மெல்ல மூடியது. பத்தாம் நூற்றாண்டில்தான் மக்கள் திரும்பி வந்தார்கள்.

திரும்பி வந்தவர்கள் கட்டியது இந்தக் கோயில். காலம் 1000-ஆம் ஆண்டை ஒட்டியது. ஏறக்குறைய அதே காலத்தில், 1018-இல், பல்கேரியரை வென்ற பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் பசில் கொன்ஸ்தந்தினோபிள் திரும்பும் வழியில் ஏதென்ஸுக்கு வந்து பார்த்தெனோனில் நன்றி வழிபாடு செய்தார். பார்த்தெனோன் அப்போது மாதா கோயில். மேலே பேரரசர் வந்து மண்டியிட்ட அந்தப் பெரிய கோயில் அதீனாவுக்காகக் கட்டப்பட்டது. கீழே இருப்பது அந்தத் தலைமுறை தன் கையால், தன் அளவுக்கு, தனக்காகக் கட்டிக்கொண்டது. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. நகரத்தின் இரண்டாவது பிறப்பைக் கல்லாகப் பார்க்க வேண்டுமானால் இங்கேதான் வரவேண்டும்.

நெருங்கிப் போய்ச் சுவரைப் பார்த்தேன். சதுரமாக வெட்டிய கற்கள், ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய செங்கற்கள் சட்டம் போட்டதுபோல். சில இடங்களில் செங்கல் தன் வேலையை விட்டுவிட்டு எழுத்தாகிறது. நிமிர்ந்த கோடுகள், கொக்கிகள், மடிப்புகள். அரபு எழுத்தின் கூஃபி வடிவத்தைப் பார்த்துச் செய்தவை. வாசித்தால் ஒரு சொல்லும் வராது, அழகு மட்டும் வரும். 961 வரை கிரீட் தீவு அரபு ஆட்சியில் இருந்தது. அதை பைசாந்தியப் பேரரசு மீட்டு ஒரு தலைமுறை கழிந்த பிறகு இந்தக் கோயில். பகைவன் எழுத்தின் அழகில் மயங்கி, அதைத் தன் வழிபாட்டு இடத்தின் சுவரில் செங்கல்லால் எழுதிப் பார்த்திருக்கிறான் ஒரு கொத்தன். போயோத்தியாவில் ஓசியோஸ் லூக்காஸ் மடத்து மாதா கோயிலிலும் இதே மோகம் இன்னும் தாராளமாக உண்டு. மதங்கள் மோதிக்கொண்ட காலம் என்று ஒரு வரியில் நாம் கடந்துபோகிற நூற்றாண்டில் கொத்தனார்களுக்கு வேறு கவலைகளும் வேறு ஆசைகளும் இருந்திருக்கின்றன.

குவிமாடம் எட்டு முகம் கொண்டது. மூலைக்கு ஒரு சின்னப் பளிங்குத் தூண், முகங்களில் சன்னல், அதன் மேல் வளைந்த ஓட்டு விளிம்பு. ஏதென்ஸ் பாணிக் குவிமாடம் என்று கலை வரலாற்றாளர்கள் வகைப்படுத்துவது இதைத்தான். நகரில் பின்னால் வந்த கோயில்கள் பலவற்றுக்கு இந்த வடிவம் முன்மாதிரி ஆயிற்று. ஆனால் தரைத்திட்டத்தில் இதற்குத் துணை இல்லை. வழக்கமான கோயிலில் சதுரத்துக்குள் ஒரு சிலுவை இருக்கும், கிழக்கில் பீடத்துக்குப் பின்னால் அரைவட்ட மாடம் இருக்கும். இங்கே சிலுவையின் நான்கு கைகளும் அரைவட்டமாகவே முடிகின்றன. கைகளுக்கு இடைப்பட்ட மூலைகளிலும் நான்கு சிறு மாடங்கள். உள்ளே நின்றால் எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர் வளைந்து விலகிப்போகிறது. நான்கு தூண்கள் குவிமாடத்தைத் தாங்குகின்றன. சின்ன இடம்தான். இருபது பேர் நின்றால் நெருக்கமாகிவிடும் என்று தோன்றுகிறது. ஆனாலும் மூச்சு முட்டவில்லை. மேலிருந்து வரும் வெளிச்சம் வளைவுகளில் பட்டுப் பட்டு இறங்கும் விதத்தைக் கணக்கிட்டுத்தான் யாரோ இதை வரைந்திருக்க வேண்டும்.

குவிமாடத்தின் உள்ளே, அனைத்தையும் ஆளும் கிறிஸ்துவின் முகம். கீழே திருமுழுக்கு யோவான், தேவதூதர்கள். இந்த ஓவியங்களின் பாணி 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, அதாவது துருக்கியர் ஆட்சிக்காலம். கோயில் அப்போதும் உயிரோடு இருந்தது என்பதற்கு இந்த வண்ணமே சாட்சி. பலவும் உதிர்ந்து, முகங்களில் கொத்திய தழும்புகளோடு இருக்கின்றன. முன்மண்டபச் சுவரில் இருக்கும் ஓவியங்கள் இந்தக் கோயிலுக்கே உரியவை அல்ல. பக்கத்தில் நின்ற புனித ஸ்பிரிதோன் கோயிலை 1939-இல் இடித்தபோது அங்கிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தவை.

கோயிலின் அடியில் இன்னொரு கதை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமானியர்கள் இங்கே அரைவட்டமாக ஒரு நீரூற்று மண்டபம் கட்டினார்கள். கோயிலின் ஒரு பகுதி அதன் அடித்தளத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அருகிலேயே கி.மு. ஆறாம் நூற்றாண்டின் நீர்நிலைக் கூடம் ஒன்று, ஏதென்ஸ் பெண்கள் குடம் ஏந்தி வந்த இடம். பக்கத்தில் வெண்கலக்காசு அடித்த நாணயச்சாலை. தண்ணீரும் காசும் புழங்கிய மூலை இது. வண்டல் மூடிய பிறகும், மறுபடி வந்தவர்கள் இதே மூலையில் கோயில் எடுத்தார்கள்.

இந்தக் கோயிலைச் சுற்றி இன்று நீங்கள் காணும் தோட்ட அமைதியைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். 1930 வரை இங்கே விரிசாகி என்று ஒரு பேட்டை இருந்தது. நெருக்கமான வீடுகள், சந்துகள், கடைகள், மாட்டுக்கொட்டில், மூன்று நான்கு கோயில்கள். கோயிலின் வாசலுக்குத் தெரு வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கூட்டம் பெருகவே மேற்குச் சுவரைத் தள்ளிக் கோயிலை நீட்டியிருந்தார்கள். பிள்ளைகள் பெருகும் வீட்டில் திண்ணையை அடைத்து அறையாக்குவதுபோல.

இந்தப் பேட்டையின் அடியில்தான் பழைய சந்தைவெளி இருக்கிறது என்பது அறிஞர்களுக்குத் தெரியும். முழு நிலத்தையும் வாங்கித் தோண்டக் கிரேக்க அரசிடம் பணமில்லை. ஏதென்ஸிலுள்ள அமெரிக்கத் தொல்லியல் பள்ளி பொறுப்பேற்றது, ஜான் டி. ராக்பெல்லர் ஜூனியர் பணம் கொடுத்தார். 1931 மே மாதம் லெஸ்லி ஷியர் தலைமையில் தோண்டல் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் 300-க்கும் மேற்பட்ட வீடுகள் இடிக்கப்பட்டன. குடியிருந்தவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், இழப்பீடு வாங்கிக்கொண்டு போனார்கள். விளாசாரூ மாதா கோயிலும் போயிற்று, ஸ்பிரிதோன் கோயிலும் போயிற்று. நின்றது இது ஒன்றுதான்.

கிடைத்தவற்றின் பெருமையை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. அத்தாலோஸ் மண்டபத்து அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றேன். நாடுகடத்த வேண்டியவரின் பெயரைக் கீறிப் போட்ட ஓட்டுச் சில்லுகள், நீதிமன்றத்தில் தீர்ப்புச் சொல்லும் வெண்கலத் தக்கைகள், நடுவர்களைக் குலுக்கித் தேர்ந்த கல் பலகை. மக்களாட்சி என்று நாம் சொல்வது கையில் பிடிக்கும் பொருளாக இருந்திருக்கிறது என்பதை இந்தத் தோண்டல் காட்டியது. சீமோன் என்ற செருப்புத் தைப்பவரின் பெயர் பொறித்த கிண்ணத்தின் அடியும், அதே வீட்டில் சிந்திக் கிடந்த செருப்பாணிகளும் கிடைத்தன. சாக்ரடீஸ் அவர் கடையில் உட்கார்ந்து பேசுவார் என்று பழைய நூல்கள் சொல்லும். இவற்றையெல்லாம் விரிசாகியின் வீடுகளுக்கு அடியிலேயே விட்டிருக்கலாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் விரிசாகியின் செருப்புத் தைப்பவருக்கு யாரும் கண்ணாடிப் பேழை செய்யவில்லை. ஹம்பியை நினைத்துக்கொண்டேன். விருபாட்சர் கோயில் முன்னுள்ள பழைய கடைவீதியில், விஜயநகரக் கல்மண்டபங்களை வீடும் கடையுமாக ஆக்கி வாழ்ந்தவர்களை 2011-இல் வெளியேற்றி, அவர்கள் கட்டியவற்றை இடித்தார்கள். சந்தையைக் காப்பாற்ற, அங்கே சந்தை நடத்திக்கொண்டிருந்தவர்கள் போக வேண்டியிருந்தது. நினைவுச்சின்னம் என்று ஒரு நிலத்தைப் பெயரிடும்போது யாருடைய காலம் அங்கே எண்ணப்படும், யாருடையது கழிக்கப்படும் என்று எவரோ எங்கோ முடிவு செய்கிறார்கள். அந்த முடிவுக்குத் தோண்டும் கருவியைவிட வலிமை அதிகம்.

திருத்தூதர் கோயில் தப்பியதற்கு அதன் வயதும் அழகும் காரணம். அது வெறும் எச்சமாக நின்றுவிடாமல் இப்படித் தெளிவாக நிற்பதற்கு இரண்டு பேர் காரணம். அலிசன் ஃபிரான்ஸ் அமெரிக்காவின் டுலூத் நகரில் 1903-இல் பிறந்தவர். அகோராவின் புகைப்படக்காரர். கிரேக்கத்தின் பைலோஸில் கிடைத்த, லீனியர் பி என்ற பண்டைய எழுத்து பொறித்த களிமண் பலகைகளைப் படமெடுத்தவரும் அவரே. பின்னாளில் மைக்கேல் வென்ட்ரிஸ் அந்த எழுத்தைப் படித்தறிந்ததில் அந்தப் படங்களுக்கும் பங்குண்டு. சுற்றியிருந்தவர்கள் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டைத் தேடிக்கொண்டிருந்தபோது, அவருடைய மனம் மேலடுக்கில் இருந்தது. இறங்கும் வழியில் கழித்துத் தள்ளப்படும் இடைக்காலத்தில். யோன்னிஸ் திராவ்லோஸ் ரஷ்யாவின் ரோஸ்தோவில் 1908-இல் பிறந்த கிரேக்கர், தோண்டல் குழுவின் கட்டடக் கலைஞர். ஏதென்ஸின் ஒவ்வொரு கல்லும் எங்கிருந்து எங்கே போனது என்று அவரளவுக்கு அறிந்தவர்கள் குறைவு. 1954 முதல் 1956 வரை, கிரெஸ் அறக்கட்டளையின் நிதியில், இருவரும் இந்தக் கோயிலைச் சீரமைத்தார்கள். நான்கு கட்டங்களாகக் கோயில் மாறிவந்ததை அவர்கள் சுவரிலிருந்தும் மண்ணிலிருந்தும் வாசித்தார்கள். துருக்கியர் காலத்து மாற்றங்களையும் 19-ஆம் நூற்றாண்டின் மேற்கு நீட்டலையும் அகற்றி, பழைய அடித்தளத்தின் மேல் முன்மண்டபத்தை மறுபடி எழுப்பினார்கள். எல்லாவற்றையும் விளக்கி ஃபிரான்ஸ் எழுதிய நூல் 1971-இல் வந்தது.

ஆக, இன்று நாம் காணும் மேற்கு முகம் 1950-களில் எழுந்தது, பழைய திட்டத்தின்படி. இதைச் சரி என்பதா, தவறு என்பதா? கோயிலுக்குள் நின்றபோது இந்தக் கேள்வி என்னை விடவில்லை. முதல் கொத்தனின் எண்ணம் இப்போது தெளிவாகத் தெரிகிறது. நான்கு பக்கமும் வளையும் அந்த வெளியை மேற்கு நீட்டல் உடைத்துப் போட்டிருக்கும். அதை மீட்டது பெரிய காரியம். ஆனால் விரிசாகிக்காரர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு இடம் போதாமல் சேர்த்த சுவரும் அந்தக் கோயிலின் வரலாறுதான். இடைக்காலத்தின் மேல் அன்பு வைத்தவர்களும் அதன் மேலிருந்த அடுக்கைக் கழித்தே அதை அடைந்தார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சுற்றியிருந்த மக்களே போய்விட்ட பிறகு அவர்களுடைய சுவர் மட்டும் யாருக்காக நிற்கும்? இருந்தாலும் மேற்கு வாசலில் ஒரு பலகை, இங்கே இன்னொரு சுவர் இருந்தது, அதைச் சேர்த்தவர்கள் இன்னார் என்று சொல்லலாம்.

சந்தைவெளியின் மேற்கு மேட்டுக்கு ஏறினேன். வழியெல்லாம் ஆலிவ், மாதுளை, லாரல். அடித்தளங்கள் வெயிலில் காய்ந்து கிடந்த நிலத்துக்கு 1950-களில் ரால்ஃப் கிரிஸ்வோல்டு என்ற தோட்டக்கலைஞர் நட்டுவித்தவை. ஹெஃபைஸ்தோஸ் கோயிலைச் சுற்றி, பாறையில் வரிசையாக வெட்டிய குழிகளும் அவற்றுக்குள் பழைய பூந்தொட்டிகளும் கிடைத்ததால், அங்கே அதே வரிசையில் செடி வைத்திருக்கிறார்கள். கிரேக்க உலகில் இவ்வளவு முழுமையாக நிற்கும் கோயில் வேறில்லை என்று வழிகாட்டிகள் சொல்லிக்கொண்டு போகிறார்கள். அது முழுமையாக நிற்பதற்குக் காரணம், சுமார் ஏழாம் நூற்றாண்டிலிருந்து 1834 வரை அது புனித கியோர்கியின் கோயிலாக இருந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகள் யாரோ கூரையைப் பார்த்துக்கொண்டார்கள், யாரோ விளக்கேற்றினார்கள். இந்தப் பெருமையில் பாதி அவர்களுக்குச் சேர வேண்டும். இங்கிருந்து தென்கிழக்கே பார்த்தால், சமவெளியின் மறுகோடியில் திருத்தூதர் கோயிலின் குவிமாடம். இடையில் எல்லாம் கணுக்கால் உயரம். கட்டிய நாள் முதல் இடியாமல் நிற்பவை இந்த வெளியில் இவை இரண்டே.

வடக்கு வாசல் வழியாக வெளியே வந்தால் 1890-களில் வெட்டிய இருப்புப்பாதை. ஏதென்ஸ்-பிரேயஸ் ரயில் பழைய சந்தைவெளியின் வடக்கு ஓரத்தைக் கிழித்துக்கொண்டு ஓடுகிறது. அதற்கு அப்பால், ஹாட்ரியன் தெருவின் உணவுக்கடை மேசைகளுக்குப் பக்கத்தில், வேலிக்குள் ஒரு பெரிய பள்ளம். ஓவிய மண்டபம் என்று புகழ்பெற்ற ஸ்தோவா பொய்கிலேயின் மூலை 1981-இல் இங்கேதான் வெளிப்பட்டது. தத்துவஞானி சீனோன் பாடம் சொன்ன மண்டபம். பவுலோடு வாதாடிய ஸ்தோயிக்கர்களுக்குப் பெயர் கொடுத்த இடம்.

12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏதென்ஸின் பேராயராக இருந்த மிகாயேல் கோனியாத்தீஸ் இந்த மண்டபத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். கொன்ஸ்தந்தினோபிளில் படித்து, பழைய நூல்களில் கண்ட ஏதென்ஸை நேசித்து, 1182-இல் இங்கே வந்து மனமுடைந்தவர் அவர். மண்டபத்தின் மிச்சத்தில் ஆடுகள் மேய்கின்றன, காலம் அதைக் கடித்துத் தின்கிறது என்று புலம்பினார். தன் நகரத்து மக்களின் வறுமையைப் பேரரசருக்கு எழுதினார், வரியைக் குறைக்கக் கெஞ்சினார். 1204-05 வாக்கில் பிராங்கியர்கள் வந்ததும் நகரைவிட்டுப் போய் கியா தீவில் தங்கினார். அவருடைய கடிதங்களைப் படிப்பவர்களுக்கு இடைக்கால ஏதென்ஸ் வெறும் மேய்ச்சல் நிலமாகத்தான் தோன்றும். நெடுநாள் அப்படியே நம்பவும்பட்டது.

பள்ளம் வேறு சொல்கிறது. ஓவிய மண்டபத்தின் கற்களுக்கு மேலே, இரண்டு மூன்று ஆள் உயர மண்ணுக்குள், பைசாந்திய வீடுகளின் சுவர்கள் ஒன்றின்மேல் ஒன்றாக வருகின்றன. முற்றங்கள், கிணறுகள், தரைக்குள் கழுத்தளவு புதைத்த தானியக் குதிர்கள், பச்சையும் பழுப்புமாக மெருகிட்ட கிண்ணத் துண்டுகள். வீடுகள் நெருக்கி நெருக்கிக் கட்டப்பட்டிருக்கின்றன, ஒருவர் சுவரில் இன்னொருவர் கூரை சாய்ந்திருக்கிறது. 11, 12-ஆம் நூற்றாண்டுகளில் இங்கே மனிதர்கள் சமைத்தார்கள், சேமித்தார்கள், பக்கத்து வீட்டாரோடு சுவருக்காகச் சண்டையும் போட்டிருப்பார்கள். 1930-களில் இந்த அடுக்கு வேகமாகக் கடந்துபோகப்பட்டது. இப்போது தோண்டுகிறவர்கள் ஒவ்வொரு அறையையும் வரைந்து, ஒவ்வொரு குதிரின் அளவையும் குறித்து, மெதுவாக இறங்குகிறார்கள். ஃபிரான்ஸ் தனியாளாய்க் காட்டிய அக்கறை இன்று தோண்டல் முறையாகவே ஆகிவிட்டது. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று, எந்த அறையில் எந்தக் குதிர் என்று எண்ணிப் பார்த்தேன். இங்கிருந்து பெருவீதி வழியாக நடந்தால் திருத்தூதர் கோயில் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த முற்றங்களிலிருந்து அங்கே போனவர்களும் இருந்திருப்பார்கள்.